வீட்டுக்கு ஓர் ஆள் வந்த பொதுக்குழு

போன மாதம், அருப்புக்கோட்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர்களில் இளையவர். குரலில் பணிவும் பதற்றமும் சம அளவில் இருந்தன.

"மேடம், தண்ணீர்ச் சங்கத்துப் பொதுக்குழு. நோட்டீஸ் கொடுத்தாச்சு, வாட்சாப்ல போட்டாச்சு, மைக் கட்டி ஆட்டோ விட்டாச்சு. கோரம் சேர மாட்டேங்குது. சட்டத்துல இதுக்கு ஏதாவது அதிகாரம் இருக்கா?"

கோரம் என்பது, ஒரு கூட்டம் செல்லுபடியாவதற்கு வந்தே தீர வேண்டிய ஆள் கணக்கு. அந்தச் சட்டம் பல அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. ஆளை வீட்டிலிருந்து கிளப்பும் அதிகாரத்தை மட்டும் கொடுக்கவில்லை. இதைத் தொலைபேசியில் சொன்னால் அவர் சோர்ந்துவிடுவார் என்று, எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் மதுரையில் படித்தவள். வேலைக்கு உத்தரவு வரும்வரை ஒரு மாலைப் பத்திரிகையில் செய்தி திருத்தினேன். பார்த்ததை எழுது, நினைத்ததை வீட்டில் வைத்துவிட்டு வா என்பது அங்கே கற்ற பாடம். பொதுப்பணித் துறைக்கு வந்த பிறகு கண்மாய்க் கரையை அளந்தேன், உபரி நீர் வழியும் கலுங்கை அளந்தேன், வயலுக்குத் தண்ணீர் விடும் மடையை அளந்தேன், அளந்ததை எழுதினேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. திருச்சுழி வெயிலில் அளவுச் சங்கிலி பிடித்த எவருக்கும் இதற்கு மேல் நினைவிருக்காது.

பிறகு சட்டம் வந்தது. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம். ஒரு கண்மாயில் பாயும் நிலமெல்லாம் சேர்ந்து ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் பட்டா வைத்திருப்பவர்கள் உறுப்பினர்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர், ஒரு நிர்வாகக் குழு. தண்ணீரைப் பங்கிடுவதும் வாய்க்காலைப் பராமரிப்பதும் தகராறைத் தீர்ப்பதும் இனி அவர்கள் பாடு. எங்களைப் போன்ற பொறியாளர்களைச் சட்டம் 'தகுதிபெற்ற அதிகாரி' என்று அழைத்தது. என்ன தகுதி என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் தகுதி என்று போகப் போகப் புரிந்தது.

சட்டத்தை விளக்க ஒரு முகாம் நடந்தது. காலையில் அதிகாரங்கள், மதியம் பிரியாணி, பிற்பகலில் கடமைகள். கடமைகள் தொடங்கியபோது விவசாயிகளில் பாதிப் பேர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். அதனால் எங்கள் பகுதியில் அதிகாரம் மட்டும் நன்றாகப் பரவியது.

இளையவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்மாய் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் கரை ஓர் அலுவலகத்துக்கு, மீன் இன்னோர் அலுவலகத்துக்கு, கருவேல மரம் வேறொன்றுக்கு, வண்டல் மண் அதற்கும் அடுத்ததற்கு. தண்ணீர் மட்டும் சங்கத்துக்கு வந்தது. தண்ணீர் எப்போதாவதுதான் இருக்கும் என்பதால் யாரும் பொறாமைப்படவில்லை.

பரளச்சிப் பக்கத்தில் ஒரு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருப்பவர்கள் இன்னமும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள். அதன் சங்கத் தலைவர் சீனிச்சாமி. அருப்புக்கோட்டையில் மோட்டாரும் பைப்பும் விற்கும் கடை வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேர், இவர் மூத்தவர். நால்வர் பெயரிலும் தனித்தனிப் பட்டா. ஆனால் ஒரே கடை, ஒரே வீடு, ஒரே அடுப்பு. இந்த மூன்றும் ஒன்றாக இருப்பதைக் கேட்டுத்தான் கம்பெனிக்காரர்களே சரக்கை நம்பி இறக்கினார்கள்.

தலைவரான வாரத்தில் சீனிச்சாமி ஒரு பலகை எழுதி மாட்டினார். ரப்பர் முத்திரை செய்தார். கரையில் நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகினார். நல்ல மனிதர். அதிகாரத்தைப் பயன்படுத்தாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்று மட்டும் நம்பினார். முதல் மழைக்குக் கரை இளகியிருந்த சமயம், ஓர் எருமை ஏறி இறங்கிக் கரையில் பள்ளம் பறித்தது. எருமைக்காரர் ஒரு குழி நிலமும் இல்லாதவர். சங்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சீனிச்சாமி அவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்பினார்.

அதை எடுத்துக்கொண்டு குருநாதன் சாரிடம் போனேன்.

குருநாதன் சார் என் மேலதிகாரி, உதவி செயற்பொறியாளர். அவர் அறையில் பார்வையாளருக்கு இரண்டு நாற்காலிகள் உண்டு. இரண்டிலும் கோப்புகள் உட்கார்ந்திருக்கும். வந்தவர்கள் நின்றுகொண்டே பேசுவதால் சுருக்கமாகப் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு. தானும் நின்றுகொண்டுதான் கேட்பார், அதனால் யாரும் குறை சொல்ல முடியாது. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் மூன்று முறை சொல்லச் சொல்வார். முதலில் புகார் கொடுத்தவராக நின்று சொல்ல வேண்டும். அடுத்து, புகாருக்கு ஆளானவராக. அதற்குள் பாதிக் கோபம் தீர்ந்துவிடும். நான் பத்திரிகையில் இருந்தவள் என்று தெரிந்த பிறகு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"நாளைக்கு இது பேப்பர்ல வந்தா தலைப்பு என்னம்மா?"

"‘எருமைக்கு நோட்டீஸ்'னு போடுவாங்க சார்."

"அப்ப வேண்டாம்" என்றார். பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே, "கரையச் சேதப்படுத்தினா சங்கம் புகார் கொடுக்கலாம். தண்டிக்கிறதுக்குக் கோர்ட்டு இருக்கு. எருமையத் தடுக்கிறதுக்கு முள்ளு இருக்கு. மூணையும் ஒருத்தரே செய்யணும்னு எங்கயும் எழுதலயே" என்றார்.

கரையேறும் இடத்தில் முள் வெட்டிப் போட்டார்கள். நோட்டீசை எருமைக்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். அவர் வாழ்க்கையில் முத்திரை வைத்து வந்த முதல் காகிதம்.

இனி, அந்த இளம் பொறியாளர் தொலைபேசியில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடம் ஐப்பசி நன்றாகப் பெய்து, கார்த்திகை நடுவில் மழை நின்றுவிட்டது. கண்மாய் பாதிக்கு மேல் நிறையவில்லை. அந்தக் கண்மாய்க்கு இரண்டு மடை. மேலமடை கரையை ஒட்டிய வயல்களுக்கு. கீழமடைத் தண்ணீர் நீளமான வாய்க்காலில் ஓடிக் கடைசி வயல்களுக்குப் போக வேண்டும். மார்கழியில் கண்மாயில் ஒரு பாய்ச்சலுக்கான தண்ணீர்தான் மிச்சம். நிர்வாகக் குழு பருவத் தொடக்கத்தில் போட்ட திட்டப்படி, கடைசித் தண்ணீர் மேலமடைக்கு. வழக்கமாக மேலமடையில் பிந்தி நடுவார்கள். அதனால் அப்படி ஓர் ஏற்பாடு. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் இரண்டு பக்கமும் நனையும், ஒரு பக்கமும் விளையாது.

ஒருநாள் காலை, ஜுலைகா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கீழமடையின் கடைசி வயல் அவருடையது. கணவர் சவுதியில் வேலை செய்து அனுப்பியதில் வாங்கிய நிலம். பட்டா இவர் பெயரில். ஒரு நெல் தூரை வேரோடு பிடுங்கி வந்து குருநாதன் சாரின் மேசையில், கோப்புகளின் மேலேயே வைத்தார்.

"பாருங்க சார். பொதி கட்டி, கதிர உள்ள வச்சுக்கிட்டு நிக்கிது. இன்னும் நாலஞ்சு நாள்ல ஒரு தண்ணி காட்டலைன்னா கதிரு வராது, வைக்கோல்தான் வரும். எங்க வீட்ல மாடுகூட இல்ல."

"தலைவர்கிட்ட கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன். ‘திட்டம் போட்டாச்சு தங்கச்சி, திட்டத்த நான் மாத்த முடியாது'ன்னு சொல்றாக. எருமைக்கு நோட்டீஸு விட்டப்ப மட்டும் எல்லாம் முடிஞ்சுச்சு. எங்க வீட்டுக்காரரு பாலைவனத்துல ஏசி போட்டுத் தூங்குறாரு. நான் கண்மாய்க்குப் பக்கத்துல கிடந்து காயுறேன். இது எந்த ஊரு நியாயம்?"

சீனிச்சாமி சொன்னது பொய்யில்லை. சங்கத்தின் துணை விதிப்படி, நடுப் பருவத்தில் பங்கீட்டை மாற்றத் தலைவருக்கோ குழுவுக்கோ அதிகாரம் இல்லை, பொதுக்குழுவுக்குத்தான். அதிகாரத்தை விரும்பும் மனிதர் ஒருவர், முதல்முறையாகத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மனதாரச் சொல்லியிருந்தார். மேலமடையில் அவர் வயல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஜுலைகா வெளியே போன பிறகு, "நாமளே போய்க் கீழமடையைத் திறந்துவிட்டா என்ன சார்?" என்றேன்.

"திறக்கலாம். தலைப்பு?"

"‘சங்கத்தின் அதிகாரத்தைப் பறித்த அதிகாரிகள்.'"

"திறக்கலைன்னா?"

"‘பயிர் கருக வேடிக்கை பார்த்த அதிகாரிகள்.'"

"ரெண்டுலயும் நாமதான் வர்றோம். கூட்டம் போடுங்க. கூட்டம் நடந்து முடிவெடுத்தாங்கன்னா எந்தப் பேப்பரும் சீந்தாது."

அவசரக் கூட்டத்துக்குத் துணை விதியில் இடம் இருந்தது. மறுநாளே ஊர் மந்தையில், வேப்ப மரத்தடியில் கூட்டம். நாங்கள் போனபோது ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சீனிச்சாமி மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஜுலைகா ஓரமாக, ஆனால் முன்வரிசையில். ஆட்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கோரத்துக்குப் பாதிகூட இல்லை.

எங்கள் பகுதிச் சங்கங்களில் இது புதிதல்ல. உறுப்பினர்களில் சிலர் திருப்பூரில், சிலர் வளைகுடாவில், இன்னும் சிலர் மயானத்தில். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும். தாத்தா கூட்டத்துக்கு வர மாட்டார். கோரக் கணக்கில் மட்டும் இருப்பார். ஆனால் அன்று ஊரில் இருந்த உயிருள்ள உறுப்பினர்களே பாதிக்கு மேல் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். எல்லாரும் வரட்டும்" என்றேன்.

சீனிச்சாமி என்னை வியப்போடு பார்த்தார். "எல்லாரும் வந்தாச்சேம்மா. இன்னும் யாரு வரணும்?"

"கோரம் இல்லைங்க."

"வீடு பாக்கியில்லாம வந்திருக்காகம்மா. ஊரே உக்காந்திருக்கு. கோரம் இல்லைன்னா எப்படி?"

"உங்க தம்பிங்க மூணு பேர் எங்க?"

"அதான் நான் வந்திருக்கேன்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் ஆளை எண்ணுகிறது. ஊர் தலைக்கட்டை எண்ணுகிறது. கோயில் வரி, ஊர்க்கூட்டம், நல்லது கெட்டது எதுவானாலும் ஓர் அடுப்பு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஓர் ஆள். அந்த முறைப்படி ஊர் கடைசி வீடு வரை வந்திருந்தது. எங்கள் முறைப்படி கூட்டமே நடக்கவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

ஜுலைகா எழுந்தபோது, "பயிரையும் ஒத்திவைக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலையே அருப்புக்கோட்டைக் கடைக்குப் போனேன். சீனிச்சாமி ஊரில் இருந்தார். கல்லாவில் இரண்டாமவர், கடைசித் தம்பி தங்கப்பாண்டி வண்டியிலிருந்து பைப் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா வாங்க. ஏலே, ரெண்டு காபி சொல்லு" என்றார் இரண்டாமவர்.

"காபி இருக்கட்டும். நீங்களும் உறுப்பினர்தான. கூட்டத்துக்கு ஏன் வரல?"

"அண்ணன் வந்தாகல்ல?"

"அவர் அவருக்கு. நீங்க உங்களுக்கு."

இரண்டாமவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நீங்க டவுனுக்காரவுக. நாங்க நாலு பேரும் மந்தையில போயி ஆளுக்கொரு பக்கமா உக்காந்தோம்னு வைங்க. பொழுது சாயிறதுக்குள்ள ஊரு என்ன பேசும் தெரியுமா? ‘அந்த வீட்ல அடுப்பு பிரிஞ்சிருச்சுப்பா'ன்னு பேசும். நாளைக்குக் காலையில சரக்குப் போடுறவன் போன் போட்டு, ‘யாரு பேருல பில்லு போட'ன்னு கேப்பான். ஒங்க கோரத்துக்காக நாங்க பங்கு பிரிக்க முடியுமா?"

"சேர்ந்து ஒரே பக்கமா உக்காருங்க."

"அது இன்னும் மோசம். ‘அண்ணனுக்கு ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்கானுக'ம்பாக."

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தபோது தங்கப்பாண்டி வந்தார். கையில் பைப் தூசி.

"ஜுலைகாக்கா பயிரு எப்படிம்மா இருக்கு?"

"உங்க வயலும் அதுக்குப் பக்கத்து வயல்தானே. நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்." கையைத் தட்டித் தூசியை உதறினார். "கேக்கக் கூடாதுன்னு இல்லம்மா. நான் கேட்டா அது அண்ணனுக்கு எதிரா கேட்ட மாதிரி ஆகும். வீட்டுக்குள்ள கேட்டா பிரச்சினையில்ல. வீட்டுக்குள்ள கேட்டுட்டேன். ‘திட்டம் போட்டாச்சு'ன்னு சொல்லிட்டாக."

கீழமடைக் கடைசியில் நிலம் வைத்திருந்தவர்களில் ஊரில் இருந்தது இவரும் ஜுலைகாவும்தான். மற்றவர்கள் திருப்பூர்.

மறுநாள் ஜுலைகாவிடம் தலைக்கட்டுச் சங்கதியைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது இப்பத்தான் தெரியுமா ஒங்களுக்கு? பேசக் கூப்பிட்டா வீட்டுக்கு ஒரு ஆளுதான் வருவாக. வாய்க்கா வெட்டக் கூப்பிட்டுப் பாருங்க. அன்னைக்குத் தலைக்கட்டாவது ஒண்ணாவது! கை இருக்கிறவுகல்லாம் வரணும், வராத வீட்ட மத்த வீடு சும்மா விடாது. நீங்க பேச்சுக்கே கூப்பிட்டுக்கிட்டு இருக்கீக."

வாய்க்கால் உண்மையிலேயே வெட்ட வேண்டித்தான் இருந்தது. கீழமடையிலிருந்து கடைசி வயல் வரை கோரையும் மண்ணும் அடைத்துக் கிடந்தன. மடையைத் திறந்தாலும் தண்ணீர் பாதி வழியில் படுத்துவிடும். வாய்க்காலைத் தூர்வார உறுப்பினர்களை அழைக்கச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. கடமைகள் பகுதியில் இருந்தது. அதாவது, எல்லாரும் பஸ் பிடிக்கப் போன பிற்பகலில் சொல்லப்பட்டது.

குருநாதன் சாரிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் நின்றார். "வேலைன்னு கூப்பிட்டு, வந்த பிறகு கூட்டம்னு சொன்னா அது கூட்டம் இல்லம்மா, பொறி. ரெண்டையும் எழுதுங்க. காலையில கீழமடை வாய்க்கால் வேலை; வேலை நடக்கிற இடத்திலயே பொதுக்குழு. என்ன தீர்மானம்னும் எழுதுங்க. படிச்சுட்டு வர்றவன் வரட்டும்."

மறுநாளுக்கே என்று அப்படியே அறிவித்தோம். சீனிச்சாமி முத்திரை வைத்தார். வேலையை அவரால் மறுக்க முடியாது. மறுத்தால் தலைவருக்கு அழகில்லை.

ஊர் வந்தது. மண்வெட்டி, அரிவாள், தட்டுக்கூடையோடு வந்தது. அண்ணன் தம்பி, அப்பா மகன், மாமியார் மருமகள் என்று வாய்க்கால் நெடுக ஆள் நின்றது. சீனிச்சாமியின் தம்பிகள் மூவரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எல்லாரும் வாய்க்கால் வெட்டத்தான் வந்திருந்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் வாய்க்கால் சுத்தமானது. நான் வரிசையாக எண்ணிக்கொண்டே நடந்தேன். கோரம் தாண்டியிருந்தது. குருநாதன் சார் யாரையும் ஓரிடத்துக்கு அழைக்கவில்லை. "அங்கங்க நின்னபடியே இருங்க, சத்தமா பேசுறோம்" என்றார். அதனால் யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்ற பேச்சு வரவில்லை. இரண்டாமவர் மேட்டில், மூன்றாமவர் மடைக்கு எதிரில், தங்கப்பாண்டி வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில். சீனிச்சாமி மடையின் கல்மேடையில் ஏறித் தலைமை வகித்தார்.

தீர்மானத்தை நான் வாசித்தேன். கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை மேலமடைக்குப் பதில் கீழமடையில் விடுவது.

"முன்மொழியிறவுக யாரு?" என்றார் சீனிச்சாமி.

"நான்தாண்ணே" என்றார் ஜுலைகா. "வேற யாரு?"

"வழிமொழியிறவுக?"

 மேலமடைக்காரர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை. இரண்டு மடைக்கும் நடுவில் நிலம் உள்ளவர்களுக்கு எதைத் திறந்தாலும் தண்ணீர் வரும், இரண்டும் ஒன்றுதான். தலைவரைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தலைவிதி? கீழமடைக் கடைசியில் ஜுலைகாவைத் தவிர இருந்தது ஒரே ஆள். ஊர் முழுக்க, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பித் தங்கப்பாண்டியைப் பார்த்தது. அவர் மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிமொழிய ஆளில்லை என்றால் தீர்மானம் விழுந்துவிடும். கோரம் சேர்ந்து, ஊர் சேர்ந்து, வாய்க்கால் சுத்தமாகி, பயிர் காயும்.

சீனிச்சாமி மேடையிலிருந்து தம்பியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "நானே வழிமொழியிறேன்" என்றார்.

குருநாதன் சார் கையை உயர்த்தினார். "தலைவரே, தலைமை வகிக்கிறவுக வழிமொழிஞ்சா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க. செல்லாதுன்னு ஆயிரும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனிதருக்கு இப்போதா விதி நினைவுக்கு வர வேண்டும்?

சீனிச்சாமி குழு உறுப்பினர் ஒருவரைக் கைகாட்டி, "நீங்க ஏறுங்க மாமா" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். கல்மேடையிலிருந்து இறங்கி, நேராக வாய்க்காலுக்குள் போய், அந்த வெள்ளைச் சட்டையோடு தம்பிக்குப் பக்கத்தில் சேற்றில் நின்றார். என்னைக் கடந்துபோகும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "என் தம்பிய ஊரு முன்னால வாயத் தொறக்க வச்சிராதீக" என்றார்.

நின்ற இடத்திலிருந்து சத்தமாகச் சொன்னார். "உறுப்பினர் சீனிச்சாமி. வழிமொழியிறேன்."

கை தூக்கச் சொன்னபோது அவர் கை முதலில் போனது. மேட்டிலிருந்து ஒன்று, மடைக்கு எதிரிலிருந்து ஒன்று, அவர் பக்கத்திலிருந்து ஒன்று. நான்கு பட்டாவுக்கு நான்கு கை. அதைப் பார்த்து நடுவயல்காரர்கள் தூக்கினார்கள். மேலமடைக்காரர்களிலும் இரண்டொருவர், தலைவரே தூக்கிவிட்டாரே என்று, தூக்கிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது. சட்டம் ஆளுக்கொரு மனம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது; அந்த வீட்டில் நான்கு கையும் ஒரே மனதோடு எழுந்தன. செல்லாது என்று சொல்ல எந்த விதியிலும் இடமில்லை.

"சட்டையெல்லாம் போச்சேண்ணே" என்றார் ஜுலைகா.

"வழிமொழிஞ்சா இப்படித்தான் ஆகும்போல தங்கச்சி. முகாம்ல சொல்லவே இல்ல" என்றார் சீனிச்சாமி.

கீழமடையைத் திறந்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, வெட்டிய மண்ணின் மணத்தோடு போனது. கடைசி வயலுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. மறுநாள் வெயில் தாழப் போனேன்.

ஜுலைகாவின் வயல் நனைந்திருந்தது. அவர் வரப்பில் நின்று, தண்ணீர் தன் வயலுக்குள் நுழையும் வாமடையை மண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வயல் தங்கப்பாண்டியுடையது. அதற்கு இனிமேல்தான் தண்ணீர். அவர் கடையில் இருந்தார் போலும், ஆளைக் காணோம். வாய்க்கால் ஓரமாகச் சீனிச்சாமி வந்தார். கையைப் பின்னால் கட்டவில்லை. கையில் மண்வெட்டி இருந்தது.

"என்னண்ணே, தலைவருக்குக் கடைமடைக்கு வழி தெரியுமா?" என்றார் ஜுலைகா.

"தலைவரா வரலம்மா. தம்பி வயலுக்குத் தண்ணி வைக்க வந்தேன்."

ஜுலைகா மண்ணை மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தினார். "தம்பி வயலா? இத்தன வருசம் மேலமடையும் ஒங்க வயலு, கீழமடையும் ஒங்க வயலுன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தீக?"

சீனிச்சாமி என்னைப் பார்த்தார், நான் வாய்க்காலின் ஆழத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"வீட்டுக்குள்ள வந்து கேட்டான்ம்மா" என்றார் சீனிச்சாமி. "நான் காது குடுக்கல."

பிறகு குனிந்து, மண்வெட்டியால் தம்பி வயலின் வாமடையை வெட்டினார். அகலமாகவே வெட்டினார்.